ராணுவம் கழித்த டீசல் ஜெனரேட்டர்: கரண்ட் போனால் தானாக ஸ்டார்ட் ஆக வைப்பது எப்படி? ஆபத்து எங்கே இருக்கு?

கரண்ட் போன சில நொடிகளில் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகணும். வெளியூரில் இருந்தாலும் டீசல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு போனில் தெரியணும். அமெரிக்காவில் ராணுவத்தின் பழைய ஜெனரேட்டரை ஏலத்தில் எடுப்பவர்கள் பலர் அடுத்து செய்ய நினைப்பது இதைத்தான். ஆனால், பக்கத்தில் எப்போதும் ஒரு சிப்பாய் இருப்பார் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்ட மெஷின் இது. அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு கன்ட்ரோலர் பெட்டியை வைக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு கிராக்கி?

2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியதில் புவேர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்ப கிட்டத்தட்ட 11 மாதங்கள் ஆனது. அந்தப் பேரிடரில் இறந்தவர்கள் எண்ணிக்கை 2,975 என்று அரசு பின்னர் திருத்தி அறிவித்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலின்போது 45 லட்சம் வீடுகள், கடைகளுக்கு மின்சாரம் நின்றது. 2024 ஜூலையில் பெரில் புயலால் ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

இப்படி நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போகும்போது, கடையில் வாங்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் தாங்காது. அதனால்தான் கனமான, நிதானமாக ஓடும் டீசல் ஜெனரேட்டரைத் தேடிப் போகிறார்கள்.

எந்த ஜெனரேட்டர் ஏலத்துக்கு வருகிறது?

அமெரிக்க ராணுவம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய 'டாக்டிக்கல் கொயட் ஜெனரேட்டர்' வரிசைதான் இதில் பிரபலம். அதற்குப் பதிலாக டிஜிட்டல் கன்ட்ரோல் உள்ள புதிய வரிசை வந்துவிட்டதால், பழையவை ஆன்லைன் ஏலத்தில் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன.

வீட்டுக்கு அதிகம் வாங்கப்படும் மாடல்களில் ஒன்று எம்இபி-803ஏ. இது 10 கிலோவாட் தரும். லிஸ்டர் பெட்டர் நிறுவனத்தின் 4 சிலிண்டர் டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 1,800 சுற்று. எடை 500 கிலோவுக்கு மேல். டேங்க் கொள்ளளவு சுமார் 34 லிட்டர். முழு லோடில் தோராயமாக 9 மணி நேரம் ஓடும். வெளியே ஒரு டீசல் டிரம் வைத்து பைப் கொடுத்தால், டேங்க் இறங்க இறங்க அதுவே இழுத்து நிரப்பிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் கரண்ட் போனதை இதுவாகக் கண்டுபிடிக்காது. யாராவது வந்து ஸ்விட்ச்சைத் திருப்ப வேண்டும்.

சிப்பாய் என்னவெல்லாம் செய்வார்?

முதலில் ஆயில், கூலன்ட், டீசல் பார்ப்பார். குளிர் காலம் என்றால் மாஸ்டர் ஸ்விட்ச்சை 'ப்ரீஹீட்'டில் பிடித்து இன்ஜினைச் சூடாக்குவார். பிறகு 'ஸ்டார்ட்'டுக்குத் திருப்பி, ஆயில் பிரஷரும் வோல்டேஜும் ஏறும் வரை பிடித்திருப்பார். 15 நொடிக்குள் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆறிய பிறகு மறுபடி முயற்சிப்பார். இன்ஜின் சத்தம் சீரான பிறகுதான் இன்னொரு ஸ்விட்ச்சைத் தட்டி லோடு கொடுப்பார். நிறுத்தும்போதும் அப்படித்தான். முதலில் லோடை எடுத்துவிட்டு, சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் ஆஃப்.

இதில் வெளியே தெரியாத ஒரு வேலையும் நடக்கிறது. 'ஸ்டார்ட்' நிலையில் ஸ்விட்ச் இருக்கும்போதுதான், மின்சாரம் உற்பத்தி ஆவதற்குத் தேவையான முதல் காந்தப்புலத்தை பேட்டரி கொடுக்கிறது. இன்ஜின் பிடித்துவிட்டதே என்று அவசரமாகக் கையை எடுத்தால், இன்ஜின் ஓடும், ஆனால் கரண்ட் வராது. கையை எடுக்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். இன்ஜின் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டரை விடுவிக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

ஆட்டோ ஸ்டார்ட் பெட்டி இந்த எல்லா வேலையையும் அதே வரிசையில் செய்ய வேண்டும். பட்டனை அழுத்துவது அதில் ஒரு சின்ன பகுதிதான்.

ஆட்டோ ஸ்டார்ட் எப்படி வேலை செய்கிறது?

நம்மூர் அபார்ட்மென்ட்களில், ஆஸ்பத்திரிகளில் 'ஏஎம்எஃப் பேனல்' பார்த்திருப்பீர்கள். கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பும் அதே வேலைதான் இங்கேயும். இதற்கு மூன்று பாகங்கள் தேவை.

முதலாவது, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச். லைன் கரண்ட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனால் சில நொடி பொறுத்து, இரண்டு வயர்களை ஒன்றாகச் சேர்க்கும். 'ஸ்டார்ட் பண்ணு' என்பதற்கு அவ்வளவுதான் சிக்னல்.

இரண்டாவது, கன்ட்ரோலர். அந்த சிக்னல் வந்ததும் டீசல் பம்ப், ப்ரீஹீட், ஸ்டார்ட்டர் என்று வரிசையாக இயக்கும். பிடிக்காவிட்டால் இடைவெளி விட்டு, பொதுவாக மூன்று முறை முயற்சிக்கும். அதற்கு மேல் முயற்சிக்காமல் நின்று, 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று அலாரம் கொடுக்கும். டீப் சீ எலெக்ட்ரானிக்ஸ், கோம்ஆப் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே கன்ட்ரோலர்கள் தயாரிக்கின்றன.

மூன்றாவது, ரிலேக்கள். கன்ட்ரோலரின் உத்தரவை ஜெனரேட்டரின் பழைய வயரிங்குக்குக் கொண்டுபோவது இவைதான். மாஸ்டர் ஸ்விட்ச்சைக் கழற்றி எறியாமல், அதற்கு இணையாக ரிலேக்களைக் கொடுப்பது நல்லது. பெட்டி பழுதானாலும் கையால் ஓட்டிக்கொள்ளலாம்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ரெடிமேட் கன்ட்ரோலர், இன்ஜின் பிடித்ததும் 'ஸ்டார்ட்' சிக்னலை உடனே எடுத்துவிடும். அதோடு காந்தப்புலத்துக்கான சப்ளையும் போய்விட்டால், கரண்ட் வராது. அந்தச் சப்ளைக்குத் தனி ரிலே வைத்து, சில நொடி கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடுகிறதா என்பதை வோல்டேஜை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஆயில் பிரஷரையும் சேர்த்துப் பார்க்கும்படி செட் செய்வதும் அவசியம்.

லைன் கரண்ட் திரும்பி வந்தால் உடனே மாறிவிடக் கூடாது. சில நிமிடம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துதான் வீட்டை மாற்ற வேண்டும். அதன் பிறகு இன்ஜின் லோடு இல்லாமல் ஓடி ஆறி, தானாக நிற்கும்.

பேட்டரியில் என்ன சிக்கல்?

ராணுவ ஜெனரேட்டர்கள் 24 வோல்ட்டில் ஓடுபவை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஜெனரேட்டர் தேவையான நேரத்தில் ஸ்டார்ட் ஆகாமல் போக முக்கியக் காரணம், இறங்கிப்போன பேட்டரிதான். அதனால் எப்போதும் இணைப்பில் இருக்கும் 24 வோல்ட் சார்ஜர் கட்டாயம்.

'கன்ட்ரோலருக்கு 12 வோல்ட்தானே வேணும், ஒரு பேட்டரியில் இருந்து எடுத்துக்கலாம்' என்று சிலர் செய்வதுண்டு. இது தவறு. ஒரு பேட்டரி மட்டும் தேய்ந்து, இன்னொன்று ஓவர்சார்ஜ் ஆகி, இரண்டும் கெடும். 24 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்த வேண்டும்.

ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன கம்ப்யூட்டரை வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்கும். அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், ஸ்டார்ட் வேலை பாதியில் நின்றுவிடும். ஸ்டார்ட், ஸ்டாப் வேலையை இன்ஜினுக்கென்றே தயாரான கன்ட்ரோலரிடம் விட்டுவிட்டு, தகவல் அனுப்பும் வேலையை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

பாதுகாப்பு சிஸ்டத்தில் கை வைக்கலாமா?

கூடவே கூடாது. ஆயில் பிரஷர் குறைந்தால், இன்ஜின் அதிகம் சூடானால், வேகம் எகிறினால் ஜெனரேட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்த சர்க்யூட்டை அப்படியே விட வேண்டும். புதிய பெட்டியின் பாதுகாப்பு அதற்கு மேல் இரண்டாவது அடுக்காக இருக்கட்டும்.

இந்த மெஷின்களில் 'பேட்டில் ஷார்ட்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. போர்க்களத்தில் இன்ஜின் போனாலும் பரவாயில்லை, கரண்ட் நிற்கக் கூடாது என்ற நிலைக்காக, பெரும்பாலான பாதுகாப்புகளை அது ஒதுக்கிவிடும். அடிக்கடி நின்றுபோகிறதே என்று ஆட்டோ சிஸ்டத்தில் இதை நிரந்தரமாக ஆன் செய்து வைத்தால், ஆளில்லாத நேரத்தில் இன்ஜின் சீஸ் ஆகும் வரை ஓடும்.

போனில் எதைப் பார்க்க வேண்டும்?

மீட்டரைப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கண்ணாக இருப்பதுதான் ரிமோட் மானிட்டரிங். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் 'மாட்பஸ்' என்ற முறையில் தகவல் தரும். அதை ஒரு சின்ன கம்ப்யூட்டரோ மோடமோ படித்து போனுக்கு அனுப்பும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இவை:

● பேட்டரி வோல்டேஜ்: சார்ஜரில் இருக்கும்போது 27 வோல்ட் அருகே இருக்க வேண்டும். படிப்படியாக இறங்கினால், அடுத்த புயலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

● ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு: இன்ஜினின் உடல்நிலை இதில் தெரியும்.

● டீசல் அளவு: டேங்க், வெளி டிரம் இரண்டுக்கும் தனித்தனி அளவு வேண்டும்.

● ஃப்ரீக்வென்சி: லோடு ஏறும்போது சற்று இறங்குவது இந்த மாடலில் சகஜம். அலாரத்தை மிகக் குறுகலாக செட் செய்தால், காரணமே இல்லாமல் நின்றுபோகும்.

● ஸ்விட்ச் நிலை: 'ஆட்டோ'வில் இருக்கிறதா? சர்வீஸ் முடித்துவிட்டு ஆஃபிலேயே விட்டுப்போவது அடிக்கடி நடப்பது.

கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. ரூட்டருக்கு பேட்டரி பேக்கப் தேவை. புயலில் செல்போன் டவரும் விழலாம். அதனால் எந்தத் தகவலும் வரவில்லை என்றால், அதையே ஒரு அலாரமாக எடுத்துக்கொள்ளும்படி செட் செய்ய வேண்டும்.

இன்டர்நெட் வழியாக ஸ்டார்ட் செய்யும் வசதியை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மெஷின் பக்கத்தில் குழந்தை நிற்கிறதா, யாராவது மூடியைத் திறந்து வேலை செய்கிறார்களா என்பது போன் திரையில் தெரியாது. பார்க்க மட்டும் அனுமதி, தேவைப்பட்டால் நிறுத்த அனுமதி. பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும்.

உயிரைப் பறிக்கும் 3 தவறுகள்

முதல் தவறு, புகை. 2020 ஆகஸ்டில் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடால் பலர் உயிரிழந்தனர். இந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. வீட்டில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள அரசு அமைப்புகளின் அறிவுரை. ஆட்டோ ஸ்டார்ட் மெஷின் நடுராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஓட ஆரம்பிக்கும். ஜன்னலை மூட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டோடு ஒட்டிய கராஜில் வைப்பது உயிரோடு விளையாடுவது. வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் இல்லாமல் நேரடியாக வீட்டு வயரிங்கில் கொடுப்பது. அந்தக் கரண்ட் தெரு லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போகும். லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத ஸ்விட்ச்சை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே இடத்தில் மட்டும் இணைப்பது பற்றியும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஆட்டோவில் இருக்கும்போதே பெல்ட், ஃபேன் பக்கம் கை வைப்பது. எந்த நொடியிலும் ஸ்டார்ட் ஆகலாம். சர்வீஸுக்கு முன்பு ஆஃப் செய்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். 'தானாக ஸ்டார்ட் ஆகும்' என்ற எச்சரிக்கையும், அவசரமாக நிறுத்தும் பட்டனும் மெஷினிலேயே இருக்க வேண்டும்.

டெஸ்ட் எப்படிச் செய்வது?

வாரம் ஒருமுறை சும்மா ஓடவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லோடு இல்லாமல் அடிக்கடி ஓடும் டீசல் இன்ஜினில், எரியாத டீசல் கறுப்புப் பிசினாக சைலன்சரில் படியும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசர ஜெனரேட்டர்களுக்கு, மாதம் ஒருமுறை 30 நிமிடம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்ட வேண்டும் என்பது விதி. 10 கிலோவாட் மெஷினுக்கு அது 3 கிலோவாட். ஒரு வாட்டர் ஹீட்டரை ஆன் செய்தாலே வந்துவிடும்.

ஒருமுறையாவது மெயின் பிரேக்கரை இறக்கி, உண்மையான கரண்ட் கட் போலவே முழுதாகச் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆவதை மட்டும் பார்த்தால் போதாது. கரண்ட் திரும்பியதும் வீடு மாறுகிறதா, இன்ஜின் ஆறி நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் நோயாளி இருந்தால்?

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், வென்டிலேட்டர் இருக்கும் வீடுகளுக்கு ஆட்டோ ஸ்டார்ட் பெரிய உதவிதான். ஆனால் ஸ்டார்ட் ஆகி லோடு மாறுவதற்குள் இடைவெளி உண்டு. மூன்று முறை முயன்றும் ஸ்டார்ட் ஆகாமல் போகும் நாளும் வரலாம். அதனால் அந்தக் கருவிக்குத் தனியாக பேட்டரி பேக்கப்போ ஆக்சிஜன் சிலிண்டரோ கையில் இருக்க வேண்டும். அலாரம் வந்தால் ஓடிவந்து மாஸ்டர் ஸ்விட்ச்சைத் திருப்பத் தெரிந்த ஒருவராவது வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முறையை ஒரு தாளில் எழுதி மெஷின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பது இன்னும் நல்லது.