99 தடவை மோதிய கதை

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். 2017 ஜனவரி 9, ஃப்ளோரிடாவின் டாம்பா நகரம், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசிய இறுதிப் போட்டி. அலபாமா 66 ப்ளேக்களில் 376 யார்டு முன்னேறியது. க்ளெம்சன் 99 ப்ளேக்களில் 511 யார்டு. வகுத்துப் பாருங்கள். அலபாமாவுக்கு ஒரு ப்ளேவுக்குச் சராசரி 5.7 யார்டு. க்ளெம்சனுக்கு 5.2 கூட வரவில்லை. ஒவ்வொரு மோதலாகப் பார்த்தால் அலபாமாதான் கெட்டி. ஆனால் ஸ்கோர்போர்டில் க்ளெம்சன் 35, அலபாமா 31.

இந்தக் கணக்கு எப்படி இப்படி முடிந்தது என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு நகர்ந்தால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு ப்ளே, சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு ப்ளே முடிந்ததிலிருந்து அடுத்ததைத் தொடங்க 40 நொடி அவகாசம். அந்த இடைவெளியில் வட்டமாகக் கூடி, அடுத்து என்ன செய்வதென்று குசுகுசுவெனப் பேசுவதற்குப் பெயர் ஹடில். பார்க்கிறவர்களுக்கு இது வெட்டி நேரம். ஆனால் நம் கதையே அந்த 40 நொடிக்குள்தான் இருக்கிறது.

2016 சீசனின் அலபாமா டிஃபென்ஸை எப்படிச் சொல்வது? இறுதிப் போட்டிக்கு முன் 14 ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தது சராசரியாக 11.4 புள்ளிகள். ஜானதன் ஆலன், ரூபன் ஃபாஸ்டர், மிங்கா ஃபிட்ஸ்பாட்ரிக் என்று பின்னால் தொழில்முறை லீகுக்குப் போனவர்களாக வரிசையில் நின்றார்கள். அணி தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. கோச் நிக் சேபன் எதிராளிக்குத் தகுந்தபடி ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார். ஓட்டத்தைத் தடுக்க ஒரு கூட்டம், பாஸைத் தடுக்க இன்னொரு கூட்டம், மூச்சு வாங்குகிறவன் வெளியே, புது ஆள் உள்ளே. அந்தச் சுவர் ஒரே சுவர் இல்லை, ஆள் மாற்றி மாற்றிக் கட்டப்படும் சுவர்.

விதி என்ன சொல்கிறதென்றால், தாக்கும் அணி ஆள் மாற்றினால் டிஃபென்ஸுக்கும் மாற்ற நடுவர் நேரம் கொடுக்க வேண்டும். தாக்கும் அணி மாற்றவில்லையா? அந்த உத்தரவாதம் கிடையாது. ஆக, அதே 11 பேரை வைத்துக்கொண்டு, ஹடிலே கூடாமல், ஓரத்திலிருந்து வரும் சைகையைப் பார்த்துச் சட்டென்று அடுத்த ப்ளேவை ஆரம்பித்தால், எதிரே நிற்கிற 130 கிலோ ஆள் வெளியே போக வழியில்லை. மூச்சிரைக்க இரைக்க நிற்க வேண்டியதுதான்.

எங்கள் தொழிலில் இது பழகிய விஷயம். ஒரு சர்வர் ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்பதை மட்டும் பார்த்து அசந்துபோகக் கூடாது. இடைவெளியே விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகிறதென்று பார்க்கணும்.

சேபனுக்கு இது தெரியாதா? மற்ற எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். இந்த வேக ஆட்டம் பரவ ஆரம்பித்தபோதே, 2012இல், ஃபுட்பால் இப்படித்தான் ஆக வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்டவர் அவர். அந்த நவம்பரிலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி, ஜானி மன்ஸல் என்ற முதல் சீசன் குவார்ட்டர்பேக்கை வைத்து அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 29-24 என்று தோற்கடித்தது. 2014 பிப்ரவரியில் விதிக் குழுவிடமிருந்து ஒரு முன்மொழிவு வந்தது: 40 நொடியில் முதல் 10 நொடிக்குள் ப்ளேவைத் தொடங்கக் கூடாது, டிஃபென்ஸ் ஆள் மாற்றிக்கொள்ளட்டும். வீரர்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். சேபனும் ஆதரித்தார். ப்ளேக்கள் கூடினால் அடிபடும் வாய்ப்பும் கூடும் என்பது அவர் வாதம். வேக ஆட்டக் கோச்சுகள் கொதித்துவிட்டார்கள், ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அரிசோனா கோச் ரிச் ராட்ரிகஸ் 'ஸ்பீட்' படத்தைக் கிண்டலடித்து ஒரு வீடியோவே விட்டார். மார்ச்சில் முன்மொழிவைக் கிடப்பில் போட்டார்கள். தடுக்க முடியாததைத் தானும் கற்றுக்கொள்வோம் என்று சேபன், அதற்கு முன்பே அழைத்துவந்திருந்த லேன் கிஃபினை வைத்துத் தன் தாக்குதலையே மாற்றத் தொடங்கினார். மனுஷன் பிடிவாதக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை.

க்ளெம்சன் பக்கம் இந்தப் பாடம் 2011இலேயே ஆரம்பித்தது. முந்தைய வருஷம் 6 வெற்றி 7 தோல்வி என்று தள்ளாடிய கோச் டேபோ ஸ்வினி, டெக்சஸ் உயர்நிலைப் பள்ளிகளில் வளர்ந்த சாட் மாரிஸைக் கொண்டுவந்தார். வேக ஆட்டத்தை அங்கே நட்டது மாரிஸ். அவர் 2014 கடைசியில் விலகியதும் டோனி எலியட், ஜெஃப் ஸ்காட் இருவரும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே க்ளெம்சனில் ஆடியவர்கள். (ஸ்வினி ஆடியது எங்கே தெரியுமா? அலபாமாவில். 1992இல் சாம்பியன் ஆன அணியில் இருந்தவர்.)

2016 ஜனவரி இறுதிப் போட்டியில் முதல் முயற்சி. குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன் 405 யார்டு பாஸ், 73 யார்டு ஓட்டம். மொத்தத்தில் க்ளெம்சன் 550 யார்டு. ஆனாலும் 45-40 என்று அலபாமா ஜெயித்தது. அந்தத் தோல்வி டிஃபென்ஸின் சுவரில் மோதி வந்தது இல்லை. ஒரு திடீர் குறும்பு கிக், ஒரு 95 யார்டு கிக்காஃப் ஓட்டம், ஓ.ஜே. ஹவர்டை யாரும் கவனிக்காமல் விட்டது என்று வேறு ஓட்டைகள். எலியட்டும் ஸ்காட்டும் திட்டத்தைத் தூக்கிப் போடாததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தோற்ற திட்டத்தில் எது தோற்றது என்று பிரித்துப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

மறு வருஷம் அதே எதிரி. முதல் பாதியில் திட்டம் வேலை செய்கிற மாதிரியே தெரியாது. இடைவேளையில் அலபாமா 14-7 முன்னிலை. வாட்சனைப் பந்தோடு தரையில் சாய்த்தார்கள். மூன்றாம் குவார்ட்டர் முடிவில் 24-14. அங்கே நிறுத்திவிட்டுக் கேட்டிருந்தால் நானும் அலபாமா பக்கம்தான் பணம் கட்டியிருப்பேன். ஆனால் க்ளெம்சன் அவசரப்பட்டு நீண்ட பாஸுக்குத் தாவவில்லை. 160 அடி அகல மைதானத்தில் இந்த ஓரத்துக்கு ஒரு சின்ன பாஸ், அந்த ஓரத்துக்கு ஒன்று. மூன்று யார்டு, ஐந்து யார்டு. அந்தக் கனத்த ஆட்கள் ஒவ்வொரு தடவையும் ஓடி வரணும். நான்காம் குவார்ட்டரில் அதே ஆட்களின் கால் அரை அடி பின்னால் நிற்பது டிவியிலேயே தெரிகிறது. அந்தக் குவார்ட்டரில் மட்டும் க்ளெம்சன் 21 புள்ளி.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2001 கொல்கத்தா ஞாபகம் வரும். 16 டெஸ்ட் தொடர்ந்து ஜெயித்த ஆஸ்திரேலியாவை லக்ஷ்மணும் திராவிடும் ஒரு நாள் முழுக்கப் பந்து வீச வைத்தே களைக்க வைத்தது.

ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ் பாட்டு ஆகிவிடும்.

ஒன்று, இந்த வெற்றியில் பாதி க்ளெம்சன் டிஃபென்ஸுடையது. அலபாமா மூன்றாவது வாய்ப்பில் 15 தடவை முயன்று இரண்டே தடவைதான் தேறியது. அவர்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 31 பாஸில் 13தான் சேர்த்தார், அதிலும் 68 யார்டு ஒரே பாஸில் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போ ஸ்கார்ப்ரோ மூன்றாம் குவார்ட்டரில் கால் முறிந்து வெளியேறினார். அலபாமா பந்தைக் கையில் வைத்திருந்திருந்தால் அதன் டிஃபென்ஸ் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கும். 99 ப்ளே என்பது க்ளெம்சன் தனியாக உருவாக்கிய எண் இல்லை.

இரண்டாவது, அந்த 99 ப்ளேக்களை யார் உடம்பு தாங்கியது? வாட்சன் 56 பாஸ் எறிந்தார், 21 தடவை ஓட்டக் கணக்கில் இருக்கிறார். 77 தடவை அவர்தான். ஒரு தடவை பந்தோடு தாவியவரை மோதியதில் காற்றிலேயே பம்பரம் மாதிரி சுழன்று விழுந்தார். அன்று அந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது, படிப்புச் செலவு மட்டும்தான். தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கும் உரிமையே 2021 ஜூலையில்தான் கிடைத்தது. சேபனின் பாதுகாப்பு வாதத்தில் சுயநலம் இருந்தது என்றுதான் நான் முதலில் எழுதி வைத்திருந்தேன். இப்போதும் அதை அழிக்கப் போவதில்லை. ஆனால் சுயநலத்தோடு சொன்ன வாதம் என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கடைசிக்கு வருவோம். 2:07 பாக்கி இருக்கையில் ஹர்ட்ஸ் 30 யார்டு ஓடி 31-28 என்று அலபாமாவை மறுபடி முன்னால் கொண்டுவந்தார். க்ளெம்சன் தன் பக்கத்து 32 யார்டு கோட்டிலிருந்து 68 யார்டு நகர்ந்து, 6 நொடி இருக்கும்போது இரண்டு யார்டு தூரத்தில் நின்றது. ஒரு ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்யலாம். செய்யவில்லை. வலது பக்கம் ஆர்டேவிஸ் ஸ்காட் உள்ளே பாய்ந்து அலபாமாவின் மார்லன் ஹம்ப்ரியின் வழியில் சிக்கினார். அந்த நெரிசலில் ஹன்டர் ரென்ஃப்ரோ தனியாக வெளியே நழுவினார். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்த ஒல்லிப் பையன். வாட்சன் எறிந்தது நேராக அவர் கைக்கு. அது விதிமீறல் என்று அலபாமா ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நடுவர்கள் கொடியை எறியவில்லை. கடிகாரத்தில் மிச்சம் 1 நொடி. அடுத்த கிக்கில்கூட பந்தை அலபாமாவுக்குக் கொடுக்காமல் குட்டையாக உதைத்து, க்ளெம்சனே போய் அதன் மேல் விழுந்து எடுத்துக்கொண்டது.