மாரிக்காலத்துக் காட்டுக்கோழி

இலங்கையின் வேட்டை வரலாறு என்று நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெயில்கால வரலாறு. 1850-களில் வெளிவந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் நூல்களைப் படித்தாலும், அவருக்கு முன் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பேர்பெற்ற மேஜர் ரோஜர்ஸின் கதையைக் கேட்டாலும், தாழ்நிலக் காடு என்றதும் வந்து நிற்பது வற்றிப்போன குளமும் அதன் கரையில் காத்திருக்கும் துவக்கும்தான். இவற்றை வைத்து மாரிக்காலம் வேட்டைக்கு ஆகாத காலம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திருகோணமலைத் துறைமுகத்தின் பின்நிலத்தில், கந்தளாய், ஹொரவப்பொத்தானைப் பக்கத்துக் காடுகளில், பறவை வேட்டைக்கு அந்தக் கணிப்பு பொருந்தாது. அது துவக்குக்காரர்களின் கணிப்பு.

காட்டுக்கோழியின் நடத்தையிலிருந்தே இதைத் தொடங்கலாம். சாதாரண நாளில் அது விடியலிலும் அந்தியிலும் மட்டும் வெளியில் தலைகாட்டும். வெயில் ஏறினால் பற்றைக்குள் மறைந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் அந்த ஒழுங்கு குலைகிறது. இலையெல்லாம் சொட்டும் பற்றைக்குள் இறகு நனைகிறது, எதிரியின் காலடியும் கேட்பதில்லை. அதனால் சேவலும் பேடும் பாதையோரத்துக்கும் காட்டு வெளிக்கும் வந்துவிடும்; மழை விட்டால் கிளம்பும் ஈசல் வேறு அவற்றை இழுக்கும். அமெரிக்கக் காட்டு வான்கோழியும் மழையில் காட்டைவிட்டுத் திறந்த வயலுக்கு வந்துவிடும் என்பது அந்நாட்டு வேட்டைக்காரருக்குப் பாலபாடம். திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதத்தில் கொட்டுகிறது. காட்டுக்கோழி கண்ணுக்கு எளிதில் அகப்படும் நாட்கள் ஆண்டில் எப்போது மிகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் அந்த நாட்களில்தான் பழைய துவக்கு பயனற்றது. குழல்வாய் வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பை இடித்து, ஈயச் சன்னம் போட்டு நிரப்பும் துவக்கில் மருந்து சற்றே ஈரமானாலும் வெடி எழும்பாது. சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டும் வகையென்றால் தூறலே போதும். நார்க் கண்ணிக்கு இந்தக் கவலை கிடையாது. மாரி தொடங்கும்போதே, காட்டை வெட்டித் திறந்த சேனையில் குரக்கனும் சோளமும் விதைக்கப்படும். விதைத்த நாள் முதல் அறுவடை வரை பரணில் ஆள் இருந்தாக வேண்டும். பயிரைக் கிளறும் கோழி வரும் தடத்தை அந்த ஆள் தினமும் பார்க்கிறான். வேலியில் ஓர் இடைவெளி விட்டு, அங்கே கண்ணி வைப்பது காவலின் ஒரு பகுதி, கிடைத்தால் கறி. மூதூருக்குத் தெற்கே வெருகல், வாகரை வரை வாழ்ந்த, தமிழ் பேசும் கரையோர வேடர்களைப் பற்றி 1911-இல் மானிடவியலாளர் செலிக்மன் தம்பதியர் எழுதினார்கள். அவர்களைப் போன்ற மக்களிடம் வேட்டை, மீன்பிடி, பயிர்ச்செய்கை மூன்றும் பிரித்து வைத்த தொழில்களாக இருந்ததில்லை. விளையாட்டுக்காக வேட்டையாடிய அதிகாரியின் நாட்குறிப்பில் இவையெல்லாம் ஏறாததில் வியப்பில்லை.

பெரிய விலங்குகளின் கதை வேறல்லவா என்று கேட்கலாம். வேறுதான். மானும் எருமையும் கோடையில் எஞ்சிய நீரைத் தேடி ஓரிடத்தில் கூடும், மாரியில் காடெங்கும் தண்ணீர் நிற்பதால் சிதறிவிடும்; அவற்றுக்கு வெயில்காலமே வேட்டைக்காலம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. இன்னொரு மறுப்பு கனமானது. திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையே வாடைக்காற்றுக் காலத்துக்கான புகலிடம் என்பதுதான். சோழமண்டலக் கரையில் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லாத அதே மாதங்களில் இங்கே நங்கூரமிடலாம் என்பதற்காகவே ஐரோப்பியர் இதற்குச் சண்டையிட்டார்கள், ஆங்கிலேயர் 1795-இல் பிடித்தார்கள். அப்படியிருக்க, கப்பல்கள் வந்து ஒதுங்கிய அந்த மழைமாதங்களில் துவக்கோடு ஆளே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆள் இருந்தார்கள். ஆனால் மாரியில் வெள்ளைக்காரரின் விருப்பம் வலசை வரும் உள்ளானாக இருந்தது. அது சேற்று வயலில் கிடைக்கும், காட்டுக்குள் நனைய வேண்டியதில்லை. திருகோணமலையிலும் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி லெக், 1878 முதல் 1880 வரை வெளியிட்ட பெரும் பறவை நூலைப் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவருக்கு வேண்டியது பறவையைப் பற்றிய விவரம். கண்ணி வைத்தவனின் ஆண்டுக் கணக்கை எழுதுவது அவர் வேலையல்ல.

1916-இன் துப்பாக்கிச் சட்டம் வந்தபின் உரிமம் பெற்ற துவக்கு ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறியது, கண்ணிக்கு அப்படி ஏடு எதுவும் கிடையாது. 1937-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்திய வேட்டையை உரிமக் கணக்கைக் கொண்டு அளப்பவர்கள் மாரிக்காலக் கண்ணி வேட்டையை முழுதாகத் தவறவிடுகிறார்கள். அரசுக் காணியில் சேனை வெட்ட அனுமதி வேண்டியிருந்ததால், எந்த ஊர் எந்த ஆண்டு எவ்வளவு காட்டைத் திறந்தது என்று காட்டும் அரசுக் கச்சேரியின் ஆவணக் கட்டுகளே இதற்கு நெருங்கிய சான்று. ஆய்வை அங்கிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.