குரல்வளை மருத்துவத்தின் தோற்றம்

எழுத்துகளின் பிறப்பிடங்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் மிடற்றையும் எண்ணுவர். உயிரொலிகளை மிடற்று வளியொடு பொருத்தியும் கூறுவர். எனினும், உயிருள்ள மனிதரின் மிடற்றுள் குரல் பிறத்தலைக் கண்ணாற் காணுதல் 19-ஆம் நூற்றாண்டிலேதான் கைகூடிற்று. குரல்வளை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததும் அதன் பின்னரே. அத்துறையைத் தோற்றுவித்தவர் யாவர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இலண்டன் மருத்துவர் பெஞ்சமின் பாபிங்டன் 1829-இல் இதற்கெனக் கண்ணாடிக் கருவியொன்றை அமைத்தார், அது பரவவில்லை. 1854-இல் வெற்றி கண்ட மானுவல் கார்சியா மருத்துவர் அல்லர், இசையாசிரியர். பாடும் குரல் எங்ஙனம் பிறக்கின்றது என்பதே அவர்தம் வினா. பாரிசு நகரில், பல் மருத்துவர் ஆளும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியை வெந்நீரில் வெதுப்பித் துடைத்து, உள்நாக்கின்மீது பொருத்தினார். கைக்கண்ணாடியால் ஞாயிற்றொளியை அதன்மேற் செலுத்தித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். காற்று குரல்வளை வாயில் ஒழுங்குறத் தடைப்பட்டும் விடுபட்டும் வெளிப்படுதலே குரல் என்னும் அவர் முடிவு, 1855-இல் இலண்டன் அரச கழகத்தில் படிக்கப்பெற்றது.

கார்சியா நோயாளியை நோக்கினாரல்லர். ஆதலின் அத்துறைக்கு அவர் முதல்வராகார் எனச் சிலர் கூறலாம். 1857-இல் வியன்னா மருத்துவர் லுட்விக் தியூர்க் இத்தகு கண்ணாடியால் நோயாளிகளை ஆய்ந்தார். குளிர்காலத்தில் ஞாயிற்றொளி குன்றவே நிறுத்தினார். அக்கண்ணாடிகளை இரவல் பெற்ற உடலியங்கியற் பேராசிரியர் யோகான் செர்மாக், விளக்கொளியைக் குழியாடியாற் குவித்துச் செலுத்தி, 1858-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். முதன்மை எவர்க்குரியது என்பது பற்றி இருவரிடையே பெரும்பூசல் மூண்டது. ஞாயிற்றை நம்பியிருந்த முறையை எந்நாளும் பயன்படும் முறையாக்கியது செர்மாக்கின் விளக்கே என்பதில் ஐயமில்லை.

ஆயினும், காணுதல் வேறு, நோயைத் தெளிதல் வேறு. 1887-இல் செருமானிய இளவரசர் பிரடரிக்கின் குரல்வளையில் கட்டி தோன்றியது. செருமானிய மருத்துவர் சிலர் புற்றுநோய் எனக் கருதி அறுவை செய்ய முனைந்தனர். ஆங்கில மருத்துவர் மொரெல் மெக்கன்சி, திசுவைச் சோதித்த பின்னரே துணிதல் வேண்டும் என்றார். அவர் எடுத்தளித்த திசுவில் அறிஞர் ருடால்ஃப் விர்க்கோ புற்றுநோயைக் காணவில்லை, அறுவை நிறுத்தப்பட்டது. 1888-இல் அரியணை ஏறிய பிரடரிக், 99 நாள்களே ஆண்டு அந்நோயாலேயே மறைந்தார். சிறு துண்டொன்றிற் காணப்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

இவற்றை நோக்குமிடத்து, முதன்மையை ஒருவர்க்கே உரிமையாக்குதல் பொருந்தாது என்பதே நம் முடிபு. வினா கார்சியாவினது, நோயாளிபாற் செலுத்திய முயற்சி தியூர்க்கினது, நிலைத்த ஒளி செர்மாக்கினது. எனினும், நோயை நாடாது ஒலியை நாடிய ஒருவரே வழியைத் திறந்தார் என்பது, ஒலியியல் பயிலும் நாம் மறத்தற்கரியது.