டிஜிட்டல் கும்பியா

கொலம்பியாவின் கரீபியக் கடலோர நாட்டுப்புற இசையான கும்பியாவை மின்னணு ஒலிகளோடு இணைக்கும் இசைவகை. 2000களின் நடுவில் அர்ஜென்டினாவின் புவனெஸ் ஐரிஸ் நகர இரவு விடுதிகளில் வளர்ந்தது. 2006இல் அங்கு தொடங்கிய ‘சிசெக்’ நடன நிகழ்ச்சிகள் இதற்குக் களம் அமைத்தன.

மரபுக் கும்பியாவின் உயிர் தாளத்தில்தான். ‘யாமதோர்’ என்னும் சிறு முழவு, அடிகளுக்கு இடைப்பட்ட வீச்சில் மாறாமல் ஒலிக்கும். ‘அலெக்ரே’ என்னும் மற்றொரு முழவு அதன்மேல் மனோதர்மமாக விளையாடும். ‘கைத்தா’ குழலின் தலைப்பகுதி தேன்மெழுகும் கரித்தூளும் பிசைந்து செய்தது. ஊதுவாய், பறவையின் இறகுத் தண்டு. கைத்தாவின் ஆண்வகைக் குழலை வாசிப்பவர் ஒரு கையால் துளைகளை மூடி, மறுகையில் மராக்கா என்னும் கிலுக்கியைக் குலுக்குவார். கணினிக் கலைஞர்களில் தேர்ந்தவர்கள் யாமதோரின் வீச்சைக் கலைக்காமல், கனத்த பேஸ் ஒலியை மட்டும் அடியில் சேர்த்தார்கள். மற்றவர்களுடையது வெறும் டிஸ்கோ இரைச்சல்.

பெத்ரோ கனாலே, ‘சாஞ்சா வியா சிர்குயித்தோ’ என்ற பெயரில் வெளியிட்ட ‘ரியோ அர்ரிபா’ (2010) இவ்வகையில் முக்கியமானது. பொகோட்டாவில் சிமோன் மெஹியா 2005இல் தொடங்கிய ‘பொம்பா எஸ்தேரியோ’ இசைக்குழு, பாடகி லி சௌமெத்தின் குரலால் உலகெங்கும் பரவியது.

புதிதாகக் கேட்பவர்கள் பாடகி தோதோ லா மொம்போசினாவின் மரபிசைத் தொகுப்பான ‘லா கந்தேலா விவா’விலிருந்து (1993) தொடங்குவது நல்லது.