பின்னால் உட்கார்ந்திருந்தவர்

ஸ்பியான் காப் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்த நேட்டால் இந்தியர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். அந்த நடையைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதி வைத்ததால், 1900-இல் நடந்தது இன்றும் நமக்குத் தெரிகிறது. ஆனால் 1980 வாக்கில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு நோயாளியை ஏற்றி வந்த வண்டி எப்படி இருந்தது, அது வழியில் கவிழ்ந்தால் உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதி வைத்தவர்கள் அரிது.

அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸாக ஓடிய வண்டிகளில் ஒன்று ஸ்டாண்டர்டு 20. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்ற பெயரில் 1958-இல் வெளிவந்த வேனின் இந்திய வாரிசு. மூக்கில்லாத முகப்பு, என்ஜின் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் இருக்கும். தஞ்சாவூர் வெயிலில் அந்தப் பெட்டியின் சூட்டை இடது காலில் வாங்கிக்கொண்டேதான் வண்டி ஓட்ட வேண்டும். எதிரே ஒரு லாரி மோதினால் ஓட்டுநரின் முழங்காலுக்கும் லாரியின் பம்பருக்கும் நடுவே இருப்பது ஒரு தகடு மட்டுமே. அந்தக் கம்பெனி 1988-இல் மூடப்பட்டது.

அடுத்து வந்தது மெட்டடார். புனேயின் பஜாஜ் டெம்போ, ஜெர்மானிய வடிவமைப்பில் தயாரித்த வேன். முன்சக்கரங்களே வண்டியை இழுத்ததால் பின்பக்கம் தரை தாழ்வாக இருக்கும். ஸ்ட்ரெச்சரை இடுப்பு உயரத்துக்குத் தூக்காமல் ஏற்றிவிடலாம். தனியார் மருத்துவமனைகளுக்கு அது பிடித்துப்போனது. பக்கவாட்டில் பெரிய சிவப்புச் சிலுவையும் வரைந்துகொண்டார்கள். அனுமதியில்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்துவது 1960-ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி அன்று யார் கவலைப்பட்டார்கள்?

டெல்டாச் சாலை தனி ரகம். பாதி ஊர்களுக்கு ஆற்றங்கரையே சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். மழை பெய்தால் தாருக்கு வெளியே உள்ள களிமண் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். எதிர்வண்டிக்கு ஒதுங்கிக் கொடுக்க ஒரு சக்கரம் கீழே இறங்கினால் போதும். அறுவடை மாதங்களில் சாலையில் பாதி களமாகிவிடும். நெல் காயும், சுற்றிலும் கல் அடுக்கியிருக்கும், இருட்டில் கல் கண்ணுக்குத் தெரியாது. ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் இரவெல்லாம் சாலையோரம் நடக்கும். இத்தனைக்கும் நடுவே அவசரமாகப் போவதுதான் ஆம்புலன்ஸ்காரர் வேலை.

இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டுநர்கள் பேச்சில் சில தேதிகள் வராமல் போவது அரிது. 1997 ஜூன் 7, பெரிய கோயில் யாகசாலைத் தீ. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அதே ஆண்டு டிசம்பர் 26, நாகப்பட்டினம் கடற்கரைச் சுனாமி. மூன்றும் 108 ஆம்புலன்ஸ் சேவை வருவதற்கு முன்னால் நடந்தவை. கிடைத்த வண்டியில் ஏற்றி, கிடைத்த வழியில் ஓட்டிய நாட்கள்.

2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது. ஓட்டுநர் ‘பைலட்’ ஆனார். பின்னால் ‘இ.எம்.டி.’ என்கிற அவசர மருத்துவ நுட்பநர் வந்தார். அதுவரை பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர் வார்டு ஊழியர்; நோயாளியைப் பிடித்துக்கொள்வதோடு அவர் வேலை முடிந்தது. இ.எம்.டி.க்கு அப்படியில்லை. ஓடும் வண்டியில் நின்றுகொண்டு ஊசி போட வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், பிரசவம் பார்க்க வேண்டும். பெல்ட் போட்டால் கை எட்டாது; கழற்றினால், பிரேக் அடிக்கும்போது அவரே பறந்து முன்தட்டியில் மோதுவார்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. 1992 முதல் 2011 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 4,500 ஆம்புலன்ஸ் விபத்துகள் நடந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. கடும் விபத்துகளை ஆராய்ந்தபோது, பின்பக்கம் இருந்த மருத்துவப் பணியாளர்களில் 84 சதவீதம் பேர் பெல்ட் அணிந்திருக்கவில்லை. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இப்படி.

நம் நாட்டில் ஆம்புலன்ஸுக்கென்று தனி விதித்தொகுப்பு, ஏ.ஐ.எஸ்.-125, நடைமுறைக்கு வந்ததே 2018-இல்தான். பின்பக்க இருக்கைக்கு பெல்ட், மோதலில் பிடி விடாத ஸ்ட்ரெச்சர் என்றெல்லாம் அது கேட்கிறது. தனியார் ஆம்புலன்ஸ்காரர்களின் செல்லப்பிள்ளையான மாருதி ஆம்னியில் நிமிர்ந்து உட்காரவே முடியாது. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அதை மாற்றியமைக்க வழியில்லை என்று 2019-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஏற்கெனவே விற்ற வண்டிகள் சாலையை விட்டுப் போகவில்லை. அதே 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றது. முந்திச் செல்லும்போது நடக்கும் விபத்துகளுக்கு இதில் ஓரளவு பதில் உண்டு. பின்னால் நிற்பவருக்கு இல்லை.

அடிபட்ட ஆம்புலன்ஸ் முதலில் போய் நிற்பது காவல் நிலைய வாசலில். மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக், ஸ்டியரிங் பார்த்துச் சான்று கொடுத்தபின் பட்டறைக்கு வரும். நசுங்கிய முகப்பைச் சங்கிலி கட்டி இழுத்து, தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் புது வண்டி போலத் தெரியும். சேசிஸ் வளைந்திருந்தால் மட்டும் மறைக்க முடியாது; நேராக ஓட்டும்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். அப்படிப்பட்டதைக் கண்டம் செய்து, மருத்துவமனைப் பின்கட்டில் தள்ளி, கடைசியில் ஏலம் விடுவார்கள். 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகள் 2023 ஏப்ரல் 1 முதல் ஓடவே கூடாது என்பதால் இப்போது அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பழைய ஆம்புலன்ஸ்களையும் தீயணைப்பு வண்டிகளையும் வைத்து ஓர் அருங்காட்சியகமே நடத்துகிறார்கள். நமக்கு ஒரு ஸ்டாண்டர்டு 20-இன் பின்கதவாவது மிஞ்சினால் நல்லது.

தஞ்சாவூர், கும்பகோணம், நாகை அரசு மருத்துவமனைகளில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள், கூடப் போன வார்டு ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோ இருந்தாலும் அனுப்பலாம். அடுத்த வாரம், 2016-இல் சென்னையில் வந்த பைக் ஆம்புலன்ஸ்.

(தொடரும்)