முகத்துவாரத்துக்கு உள்ளே, வெளியே

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு உள்ளே ஒரு தொழில், வெளியே வேறொரு தொழில். உள்ளே, கழிமுகத்தில் காட்டுக்குப்பத்தாரைப் போன்றவர்கள் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் போகிறார்கள். சிலர் துடுப்போடும் கழியோடும், சிலர் சின்ன மோட்டாரோடும், சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலும் பிடிக்கிறார்கள். வெளியே நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் தொடங்கி காசிமேடு வரை ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டிக் கடலுக்குப் போகின்றன. மீன்பிடி படகுக்கு மின்மோட்டார் சரிப்படுமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. எந்தத் தண்ணீருக்கு என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்வது மீனவருக்குச் செய்யும் தீங்கு. கழிமுகத்துக்கு மின்மோட்டார் இன்றே பொருந்தும். கடலுக்கு இன்னும் பொருந்தாது.

மின்மோட்டார் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரான்சில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் 1881-லேயே படகின் பின்புறத்தில் மின்மோட்டாரைப் பொருத்தி சென் நதியில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ஒலே எவின்ரூட் தன் பெட்ரோல் மோட்டாரை விற்கத் தொடங்கியது 1909-ல்தான். முந்திக்கொண்டும் மின்மோட்டார் நூறு ஆண்டுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்ததற்கு மோட்டார் காரணமில்லை, பேட்டரிதான் காரணம். இன்றைக்கும் தராசில் ஏறி நிற்பது அதே பேட்டரிதான்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். சிறிய என்ஜினில் விசிறித் தண்டுக்கு வந்து சேருவது 3 யூனிட் அளவுதான். மின்மோட்டாரில் அந்த வீணடிப்பு கிடையாது, பேட்டரியில் இருப்பதில் பெரும்பங்கு தண்டுக்கு வந்துவிடும். ஆனால் ஜெர்மனியின் டார்க்கீடோ நிறுவனத்தின் 5 யூனிட் லித்தியம் பெட்டி ஒன்றின் எடை 37 கிலோ அளவுக்கு வருகிறது. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் இரும்பு பாஸ்பேட் வகை இன்னும் கனம். அந்தப் பெட்டி செய்யும் வேலையை ஒன்றரை லிட்டர் டீசல் செய்துவிடுகிறது.

இதைக் கடல் படகில் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கரையில் 28, 30 அடி ஃபைபர் படகுகளில் பரவலாக இருப்பது நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் டீசல் என்ஜின். லம்பார்டினி என்ற பெயர் குப்பங்களில் எல்லோருக்கும் தெரியும். 10 குதிரைத்திறன் என்றால் ஏழரை கிலோவாட். சராசரி 5 கிலோவாட்டில், போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் தண்டுக்கு 20 யூனிட் வேண்டும். டீசலில் அது ஏழு லிட்டருக்குள் அடங்கும், எடை ஆறு கிலோ. பேட்டரியில், மோட்டாரின் இழப்பையும் அவசரத்துக்கான மிச்சத்தையும் சேர்த்தால், மேலே சொன்ன பெட்டிகள் ஆறு வேண்டும்: 220 கிலோ. மின்மோட்டாரின் விசிறி திறமானது என்று ஒரு பெட்டியைக் குறைத்துக்கொண்டாலும் கதை மாறாது. டீசல் எரிய எரியப் படகு இலேசாகும். பேட்டரி காலியானாலும் அதே கனம், அதன்மேல் வலையும் மீனும் ஏறும். அந்தப் படகை அலை உடையும் இடத்தில் கரையேற்ற வேண்டும்.

கணக்குக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் போகிறவர் திரும்பும் நேரத்தைத் தானே தீர்மானிப்பதில்லை. வெள்ளம் எதிராக இழுக்கும், காற்று திரும்பும், வலை எங்கோ போய்க் கிடக்கும். டீசல் படகில் ஒரு கேன் கூடுதலாக வைத்தால் பயம் தீர்ந்தது. பேட்டரிக்கு அப்படிக் கேன் கிடையாது. பக்கத்துப் படகிடம் கடன் வாங்கவும் முடியாது. மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மற்ற எந்த நன்மையும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உள்ளே வருவோம். 20 அடிப் படகு, இரண்டு ஆள், கொஞ்சம் வலை. நடையைவிடச் சற்றே வேகமாக, மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில் போக ஒரு கிலோவாட் அளவு போதும். அதே 5 யூனிட் பெட்டியில் ஒரு யூனிட்டைத் தொடாமல் வைத்துவிட்டாலும் நான்கு மணி நேரம், 22 கிலோமீட்டர் ஓடலாம். கழிமுகத்தில் ஒருநாள் பாடு இதைத் தாண்டுவது அரிது. பேட்டரி தீர்ந்தாலும் கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும், கழி ஊன்றி வந்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, வேகத்துக்கு ஆசைப்படக் கூடாது. இத்தகைய படகில் வேகத்தை இரட்டிப்பாக்கச் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். நான்கு மணி நேரம் தாங்கும் பெட்டி அரை மணியில் காலி.

கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் 'ஆதித்யா' என்ற 75 இருக்கைச் சூரியமின் படகு இதற்குக் கண்கூடான சான்று. அது ஓடுவதும் அலையில்லாத வேம்பநாட்டுக் காயலில், தெரிந்த தூரத்தில், தெரிந்த நேரத்தில்.

ஆனால் எண்ணூர்க் கழிமுகம் வேம்பநாடு அல்ல. அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழம் போய்விட்டது. மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சாம்பலைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் அவுட்போர்டு என்ஜின்கள் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித் தம்மைக் குளிர்வித்துக்கொள்பவை. சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீர் அவற்றின் பம்பை அரித்துவிடும். காற்றில் குளிரும் டீசல் என்ஜினுக்கு அந்தத் தொல்லை இல்லை, தண்டைத் தூக்கிச் சேற்றையும் கடக்கலாம். பல சிறிய மின்மோட்டார்களில் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் பம்ப் இல்லை, அது பெரிய லாபம். ஆனால் அதே காரணத்தால் தரை தட்டினால் அடி மோட்டார்மேல் விழும். நைலான் வலைநூல் தண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறினால் சீல் கிழியும், உப்புத்தண்ணீர் புகும், மோட்டார் முடிந்தது. சுற்றுலாப் படகுக்காகச் செய்த மோட்டாரை வலைத் தொழிலுக்கு வாங்குவதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். வலைநூலை வெட்டும் தகடு, விசிறியைச் சுற்றிக் காப்புக் கூடு, எளிதில் மேலே தூக்கும் கீல் ஆகிய மூன்றும் இல்லாத மோட்டாரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இந்தத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

மின்மோட்டார் என்றாலே சுத்தம் என்று சொல்லப்படுகிறது. இந்த ஊரில் அதை அப்படியே ஏற்க முடியாது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் எண்ணெய் வடிக்கிறது. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் கழிமுகத்தின் கரையிலேயே நிலக்கரியை எரிக்கின்றன. எந்த மோட்டாரை வாங்கினாலும் அதற்கான தீனி இங்கேதான் தயாராகிறது, அதன் கழிவும் இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. கரியமில வாயுவைக் கணக்கிட்டால், இந்தியாவின் இன்றைய மின்சாரத்தில் ஓடும் மோட்டாரும் டீசல் என்ஜினும், தண்டில் ஒரு யூனிட் வேலைக்கு, ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் நிற்கும். உண்மையான வேறுபாடு கழிமுகத்துத் தண்ணீரில் தெரியும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் எரியாத எண்ணெயை நேரே தண்ணீரில் விடும், மின்மோட்டார் ஒரு சொட்டும் விடாது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து படகையும் வலையையும் மூடியது. அவற்றுக்கு முன் ஒரு மோட்டாரின் கசிவு ஒன்றுமேயில்லை. ஆற்றைக் காக்கும் பொறுப்பை மீனவரின் மோட்டார்மேல் ஏற்றுவது நியாயமும் இல்லை.

பணக்கணக்கு இதைவிடக் கறாரானது. கழிமுகப் படகில் நாலு மணி நேர ஓட்டத்துக்கு ஒன்றேகால் லிட்டர் டீசல், தொண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் விலையில் 120 ரூபாய்க்குப் பக்கம். மின்சாரம் 5 யூனிட். எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் 40. நாளைக்கு 80 ரூபாய் மிச்சம், ஆண்டில் 250 நாள் தொழில் என்றால் 20,000. டீசல் என்ஜினைவிட ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் திரும்ப ஐந்து ஆண்டு ஆகும், வட்டி தனி. வெளிநாட்டு மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் விலை சில லட்சம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், படகு மட்டுமே அந்தக் காலத்தில் 200 யூனிட்டுக்கு மேல் குடிக்கும், வீட்டுக் கட்டணமே மேல் படிக்கு ஏறிவிடும். மோட்டார் படகுகளுக்கு அரசு தரும் வரி விலக்கு டீசல் ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்தது. அதை 4,400 ஆக்குவதாக 2023-ல் அறிவித்தார்கள். பேட்டரியில் ஓடும் படகுக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. கழிமுகத்து மீனவருக்கு மின்மோட்டாரைப் பரிந்துரைப்பவர்கள் முதலில் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் பேசட்டும். அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சுமந்த குப்பங்களுக்குக் கரையோரம் ஒரு பொதுச் சார்ஜ் கொட்டகையும் அதற்கான மின்சாரமும் தருவது சலுகையாகாது, கடன் தீர்ப்பதாகும்.

வாங்குகிறவருக்கு இரண்டு வார்த்தை. 'இத்தனை குதிரைத்திறனுக்குச் சமம்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். தண்டில் எத்தனை வாட் என்று கேளுங்கள். மெர்க்குரியின் 'அவேட்டர் 7.5' மோட்டார் பெயரைப் பார்த்தால் ஏழரை குதிரை போலத் தெரியும், தண்டில் அது தருவது 750 வாட், ஒரே குதிரை. கார் பேட்டரியைக் கட்டி ஓட்டலாம் என்பவரிடம் ஏமாற வேண்டாம். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்.

கடல் படகுக்காரர் மின்மோட்டாரை முழுக்க மறந்துவிடவும் வேண்டியதில்லை. வலை இழுக்கும்போது படகு ஊர்ந்தபடி நிற்க வேண்டும். அந்த மெதுவேகத்தில் டீசல் என்ஜின் எண்ணெயைத் தின்னும், புகை முகத்திலேயே அடிக்கும், இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. ஒரு கிலோவாட் மின்மோட்டாரும் 37 கிலோ பெட்டி ஒன்றும் துணையாக இருந்தால் அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும், நடுக்கடலில் டீசல் என்ஜின் நின்றுபோனால் கரை நோக்கி மெல்ல நகரவும் வழி இருக்கும். டீசலோடு துணையாக அதை முதலில் ஒரு பருவம் ஓட்டிப் பார்ப்பதே கடல் படகுக்கு இப்போதைய சரியான தொடக்கம்.