குளூட்டன் நீக்கிய உணவும் குடல் மாற்றங்களும்

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதி. சீலியாக் நோய் உள்ளவர் இதை உண்ணும்போது உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கி, சத்துகளை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடுகிறது. பேதி, வயிற்று உப்புசம், இரத்தசோகை, எடைக்குறைவு ஆகியவை இதன் விளைவுகள். வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

கோதுமைமீது முதலில் ஐயம் கொண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சக் குளிர்காலம் அந்த ஐயத்தை வலுப்படுத்தியது. ஊரே பட்டினியில் வாட, ரொட்டி கிடைக்காத சீலியாக் குழந்தைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வேடு அளித்தார்.

உணவை மாற்றிய சில நாள்களிலோ வாரங்களிலோ பலருக்குப் பேதி நிற்கும், உப்புசம் குறையும், பசி எடுக்கும். ஆனால் வயிறு அடங்கிவிட்டதால் குடல் ஆறிவிட்டது என்று கொள்ள முடியாது. குடலுறிஞ்சிகள் மீண்டும் வளரப் பெரியவர்களுக்கு 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். குழந்தைகளுக்கு விரைவில் ஆறும். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. அதனால் தொடக்க மாதங்களில் பால் குடித்தால் வாயுவும் பேதியும் வரக்கூடும். குடல் ஆற ஆற, பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பலரையும் திகைக்க வைப்பது மலச்சிக்கல். முழுக் கோதுமையோடு அதன் நார்ச்சத்தும் தட்டைவிட்டுப் போய்விடுகிறது. அந்த இடத்துக்கு வரும் குளூட்டன் நீக்கிய ரொட்டியும் பிஸ்கட்டும் பெரும்பாலும் வெறும் மாவுச்சத்துதான். கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, போதிய தண்ணீர் ஆகியவை இதைச் சரிசெய்யும்.

தொல்லை நீடித்தால் மறைந்திருக்கும் குளூட்டனை முதலில் தேட வேண்டும். ரவையும் சேமியாவும் கோதுமை என்பது தெரிந்ததே; சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது பலருக்குத் தெரியாது.

சீலியாக் இல்லாத சிலருக்கும் கோதுமையை விட்டால் வயிறு இலேசாகும். அதற்குக் காரணம் குளூட்டனாகவே இருக்க வேண்டியதில்லை. கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்ற மாவுப்பொருள் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும். எனவே நோயறியும் இரத்தப் பரிசோதனையை உணவை மாற்றும் முன்பே செய்துகொள்வது முக்கியம். குளூட்டனை நிறுத்திய பின் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் குறைந்து மறைகின்றன. பிறகு உறுதிசெய்ய வேண்டுமானால், துன்பம் தந்த அதே கோதுமையை வாரக்கணக்கில் மீண்டும் உண்ண நேரிடும்.